மலையில் ஆஸ்கார் வைல்டு நாடகம் போடுவது எப்படி

ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தைக் குன்னூர், ஊட்டி பக்கம் ஒரு சின்ன ஹாலில் போட ஆசையா? தயங்கவே வேண்டாம். மொத்தம் 9 வேடங்கள்தான். லேன் முதல் அங்கத்தோடு போய்விடுகிறார், மெரிமேன் அதற்குப் பிறகுதான் வருகிறார், அதனால் இரண்டு வேலைக்காரர்களையும் ஒரே ஆள் செய்யலாம். 1895-ல் லண்டனில் மேடையேறிய நாடகம், வைல்டு 1900-ல் இறந்துவிட்டார், மூலத்துக்கு உரிமத் தொகை கிடையாது. ஆனால் இன்னொருவர் செய்த தமிழாக்கத்தை எடுத்தால் அவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இது நகைச்சுவை நாடகம்தான், ஆனாலும் யாரும் சிரிக்க வைக்க முயலக் கூடாது, இதை நடிகர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். லேடி பிராக்னெல் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, வருமானம் எவ்வளவு, நிலமா முதலீடா, அப்பா அம்மா யார் என்று, தன் மகள் க்வெண்டலனைக் கல்யாணம் செய்ய விரும்பும் ஜாக்கைக் கேட்பது அப்படியே நம் வீட்டு மாப்பிள்ளை விசாரணைதான். பெண்ணைப் பெற்றவரின் அதே அக்கறையோடு கேட்கட்டும். விக்டோரியா ஸ்டேஷனில் ஒரு கைப்பைக்குள் கிடைத்த குழந்தை நான் என்று ஜாக் சொன்னதும் அவர் கத்தாமல் ஒரு கணம் நிறுத்தினால் போதும், ஹாலே சிரிக்கும்.

அப்புறம் சாப்பாடு. நிறைய நேரம் இதற்குத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த நாடகத்தில் சண்டையெல்லாம் தின்பண்டத்தை வைத்துத்தான் நடக்கிறது. ஜாக்கின் நண்பர் அல்ஜெர்னான், தன் அம்மாவின் சகோதரியான லேடி பிராக்னெலுக்காகச் செய்த வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைப் பேசிக்கொண்டே தீர்க்கிறார். க்வெண்டலன் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியும், ஜாக்கின் பொறுப்பில் வளரும் சிசிலி நாலு கட்டி போடுகிறாள், ரொட்டி கேட்டால் கேக் வைக்கிறாள். வசனம் மனப்பாடம் ஆகும்முன்பே நிஜச் சாப்பாட்டோடு ஒத்திகை பாருங்கள், எந்தச் சொல்லில் கடிப்பது, எதில் விழுங்குவது என்பது வரை முடிவாகிவிட வேண்டும். சர்க்கரைக் கட்டி பெரிதாக, வெள்ளையாக இருக்கட்டும், கடைசி வரிசைக்கும் எண்ணத் தெரிய வேண்டும். ஜாக்கும் அல்ஜெர்னானும் சண்டை போட்டுக்கொள்ளும் மஃபினுக்குப் பதில் நம்மூர் மொறுமொறு வர்க்கி வைக்கத் தோன்றும், வேண்டாம், தூள் தொண்டையில் சிக்கும், மெத்தென்ற பன்னே நல்லது.

தனக்கு எர்னஸ்ட் என்று ஒரு தம்பி இருப்பதாகக் கதை கட்டியிருந்த ஜாக், அவன் செத்துவிட்டான் என்று சொல்லத் துக்க உடையில் வரும் இடத்தில் அவசரப்படக் கூடாது. கறுப்புக் கோட், கறுப்புக் கையுறையோடு தோட்டத்தின் பின்னாலிருந்து மெதுவாக நடந்து வரட்டும், அந்தச் ‘செத்துப்போன’ தம்பியாக நடித்துக்கொண்டு அல்ஜெர்னான் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஜாக்கைப் பார்த்து முடிக்கும்வரை மேடையில் ஒரு வசனமும் வேண்டாம்.

அக்டோபர், நவம்பரில் தேதி வைக்காதீர்கள், தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒரு வரியும் கேட்காது. பிப்ரவரி நல்லது. எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே, மாலை 4 மணிக்கே திரையைத் தூக்கிவிடுங்கள்.