நட்சத்திரப் பட்டியலுக்கு வெளியே வீரரைத் தேடும் முறை

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகைக் கால்பந்தின் கல்லூரி ஆட்டத்தில், தரவரிசைத் தளங்கள் பள்ளி வீரர்களுக்குத் தரும் நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் நம்பி ஆள் சேர்க்கும் பயிற்சியாளர், அதே வீரர்களுக்காகப் பெரிய கல்லூரிகளோடு மோதித் தோற்பார். கலிபோர்னியாவின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆடிய ஜோஷ் ஆலனுக்கு எந்தப் பெரிய கல்லூரியும் உதவித்தொகை தர முன்வரவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய பின்னரே வயோமிங் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2018 தேர்வில் அவர் 7ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார்.

ஆகவே முதலில், வெட்டி ஒட்டிய சிறப்புக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு முழு ஆட்டப் பதிவைப் பாருங்கள். பந்து தன்னிடம் இல்லாதபோதும், அணி பின்தங்கியிருக்கும்போதும் ஒரு வீரர் எப்படி ஓடுகிறார் என்பது அங்கேதான் தெரியும். என் கணிப்பில் இதைவிட நம்பகமான சான்று வேறில்லை. கையால் இயக்கும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்த 40 கெஜ ஓட்ட நேரத்தைவிட, தடகளப் போட்டியில் மின்னணுக் கருவி பதிந்த 100 மீட்டர் நேரமே மேல். அவர் ஆடும் பிற விளையாட்டுகளையும் பாருங்கள்: கூடைப்பந்து கால்களின் லாகவத்தையும், மல்யுத்தம் உடலின் சமநிலையையும் காட்டும்.

வீரர் இன்று களத்தில் ஆடும் இடத்தைவிட அவரது நாளைய உடலை எண்ணிப் பாருங்கள். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாக (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் தாக்குதல் வீரராக) ஆடிய ஜே.ஜே. வாட், உதவித்தொகையின்றி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தற்காப்பு வரிசையில்தான் மலர்ந்தார்.

பிறகு, நீங்கள் கவனிக்கும் வீரரை எதிர்த்து ஆடிய அணிகளின் பயிற்சியாளர்களிடம் விசாரியுங்கள். அவரைத் தடுக்கத் திட்டமிட்டவர்கள் புகழ்ச்சிக்காகப் பேசமாட்டார்கள். மதிப்பெண் சான்றுகளையும், வீரரை நேரில் சந்திக்க, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதிக்கும் காலத்தையும் முன்கூட்டியே சரிபாருங்கள். வாய்ப்பு அளிக்கும்போது, அது உதவித்தொகையோடு கூடியதா இல்லையா என்பதைக் குடும்பத்தாரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள்.