நாடகப் பாட்டைப் புதுசாகப் பாடப் போகிறீர்களா?

போன மாதம் ஓர் ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு கிடார், ஒரு கீபோர்டு. பாட்டு, 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வரும் 'காயாத கானகத்தே'. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து. சுருதி, தாளம், உச்சரிப்பு பற்றி உங்கள் வாத்தியார் சொல்லியிருப்பார், அதை விடுகிறேன். மற்ற தவறுகள் இவை.

இசைத்தட்டுதான் அசல் என்று நம்புவது

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய இந்த நாடகம் விடிய விடிய நடக்கும். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. அந்நாளைய நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டில் இருப்பது அதற்குள் அடங்கியது மட்டுமே. மேடையில் ஒன்ஸ்மோர் விழுந்தால் பாட்டு நீளும், ராஜபார்ட், அதாவது நாயக வேடக்காரர், மாறினால் பாடும் சங்கதி மாறும். "கிட்டப்பா மாதிரி இல்லையே" என்று சண்டைக்கு வருகிறவரிடம் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் அப்பாவுக்கோ 1945-இல் வந்த 'ஸ்ரீ வள்ளி'யில் டி. ஆர். மகாலிங்கம் பாடியதுதான் அசல்.

எட்டாத கட்டை

அன்றைக்கு மைக் கிடையாது, அதனால் உச்சக் கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், பாடினார்கள். உங்கள் முன்னால் மைக் இருக்கிறது.

மான் எது என்று தெரியாமல் பாடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே. பாட்டை நன்றாக இழுத்து, சோகமாக, பின்னால் செல்லோ அழ, இரண்டு நாள் ஸ்டுடியோ வாடகை கட்டிப் பதிவு செய்தேன். நண்பர்கள் சிலர் உருகினார்கள், சிலர் மரபைக் கெடுத்துவிட்டதாகத் திட்டினார்கள். நானும் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டுப் பழகிய ஓர் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, மான் செத்துப்போச்சா?" என்றார்.

தினைப்புனத்தில் வள்ளி காவல் நிற்கிறாள். முருகன் வேடனாக வந்து, மானைத் தேடுவதாகச் சொல்கிறான். அது மேயாத மானாம், புள்ளியும் இல்லாத மானாம். இவன் தேடுவது எந்த மான் என்று கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும். வள்ளிக்கும் தெரியும், தெரியாதது போல நிற்கிறாள். முழுப் பாட்டும் குறும்பு. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அவள் முகத்தைப் பார்க்க ஒரு மூச்சு இடம் வேண்டும். அந்த இடத்தை நான் செல்லோவால் நிரப்பிவிட்டேன்.

ராகத்தை மாற்றுங்கள், கிடார் வையுங்கள், பெண் குரலில் பாடுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். பதிவை நான் வெளியிடவே இல்லை. வாடகைப் பணம் போனது போனதுதான்.

ஆர்மோனியம் பழசு என்று ஒதுக்குவது

வேண்டாம்.

சரி, அந்தப் பையன்களுக்கு வருகிறேன். பாடி முடித்ததும், "எந்த மானைப்பா தேடறே?" என்று கேட்டேன். பாடியவன் கிடார்காரனைப் பார்த்தான். கிடார்காரன் போனை எடுத்தான்.