சட்டமும் பொருளியலும்: பெங்களூருவில் இரண்டையும் சேர்த்துப் படிக்க

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, சட்டம், பொருளியல் இரண்டில் எதையும் விட மனமில்லாதவருக்குப் பெங்களூருவில் இரண்டு வழிகள் உண்டு. ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி.யில் நேராகச் சேரலாம். அல்லது பொருளியலில் பட்டம் பெற்றபின் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். முன்னதில் ஓராண்டாவது மிச்சமாகும். ஆனால் அதில் பொருளியல் என்பது வரலாறு, அரசியல், சமூகவியல் ஆகியவற்றோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் பாடமே என்பதால், சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி, பொருளியல் தாள்கள் எத்தனை, புள்ளியியல் உண்டா, சந்தையில் நிறுவனங்களின் போட்டியை ஒழுங்குபடுத்தும் போட்டிச் சட்டம் விருப்பப்பாடமாகவாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கணக்கில் ஆர்வமுள்ளவருக்கு இரண்டாம் வழியே நல்லது என்பது என் கருத்து.

நாகரபாவியிலுள்ள நேஷனல் லா ஸ்கூலின் ஐந்தாண்டுப் படிப்புக்கு, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத்தேர்வான கிளாட் எழுத வேண்டும்: 2 மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும். அங்கே 2022இல் தொடங்கிய மூன்றாண்டுப் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. கர்நாடகத்தில் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பில் 25 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுவதால் அது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடும் குடும்பங்களைப் பெங்களூருவின் அல்சூரில் பார்த்திருக்கிறேன். விதி கேட்பது படித்த ஆண்டுகளை, தாய்மொழியை அல்ல. ஆகவே பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிகளின் படிப்புச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைக்கட்டும்.

சேர்ந்தபின் இரண்டு பாடங்களும் தனித்தனி நோட்டுகளாகவே நின்றுவிடாதிருக்க, ஒரு தீர்ப்பை இருமுறை படித்துப் பழகுங்கள். பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த வேலூர் தீர்ப்பையே எடுத்துக்கொள்ளலாம். முதல் வாசிப்பில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் எப்படி நிறுவுகிறது என்று பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் பணத்தைப் பின்தொடருங்கள். ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பத்துக் குடம் கழிவுநீர் விட்டவருக்கும் ஆயிரம் குடம் விட்டவருக்கும் ஒரே தொகை என்றால், ஒரு குடத்தைக் குறைக்க யாருக்கு என்ன லாபம்? அதே தீர்ப்பு, சேதத்தை மதிப்பிட்டு இழப்பீடு வசூலிக்கத் தனி ஆணையம் ஒன்றையும் அமைக்கச் சொல்கிறது. அந்தத் தொகை சேதத்தோடு சேர்ந்து ஏறும். இவ்விரண்டு தொகைகளும் ஆலை முதலாளியை எப்படி வேறுவேறாக நடக்கவைக்கும் என்று இரண்டு பக்கம் எழுதி, அதைச் சட்ட ஆசிரியரிடமும் பொருளியல் ஆசிரியரிடமும் தனித்தனியே காட்டுங்கள். இருவரும் வெவ்வேறு வரிகளில்தான் சிவப்பு மையை வைப்பார்கள்.