குதிகால் வலிக்கு இன்சோல்: தேர்ந்தெடுப்பதும் வெட்டுவதும்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. கொஞ்சம் நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். எட்டு மாதம் இப்படி அவதிப்பட்டேன். குதிகால் எலும்பிலிருந்து விரல் வரை ஓடும் பட்டை நொந்துபோன பிளான்டார் ஃபேசியைடிஸ் இது என்று டாக்டர் சொல்லி, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் ஷூவுக்குள் இன்சோலும் (பாதத்துக்கு அடியில் போடும் உள் அட்டை) எழுதிக் கொடுத்தார். எந்த இன்சோல், எப்படிப் போடுவது என்பதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கவே வேண்டாம். உறுத்துவது தெரியாமல் புண்ணாகிவிடும். அவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. வேலூர் பக்கம் டாக்டர் பால் பிராண்ட் குழுவினர் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணைத் தடுக்கப் பயன்படுத்திய அதே மைக்ரோசெல்லுலர் ரப்பர் (நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்), சுருக்கமாக எம்.சி.ஆர். டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

படி 1: பாதத்தைப் பாருங்கள்

ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் ஓர் அடி வையுங்கள். உள்பக்கம் பள்ளமே இல்லாமல் முழுதாகப் பதிந்தால் தட்டைப் பாதம். அப்புறம் நுனிக்காலில் நில்லுங்கள். வளைவு எழும்பினால் இன்சோல் போட்டுப் பார்க்கலாம். எழும்பவே இல்லை, வலியும் இருக்கிறது என்றால் எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள்.

படி 2: வகை

சிலிக்கோன் ஹீல் கப் குதிகாலுக்கு மெத்தை மட்டும்தான், வளைவைத் தாங்காது. முன்பாதம் எரிகிறவர்களுக்கு மெட்டாடார்சல் பேட் என்ற சின்ன மெத்தை, அதை வலிக்கும் இடத்தின் மேல் ஒட்டாமல் சற்றுப் பின்னால் ஒட்ட வேண்டும். என் வலிக்குக் கேட்டது ஆர்ச் சப்போர்ட் (பாத வளைவைத் தாங்கும் மேடு) உள்ள முழுநீள இன்சோல். கடையில் வளைவைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அப்பளம் மாதிரி அமுங்கினால் வைத்துவிடுங்கள். மெத்தென்று இருப்பது வேறு, தாங்குவது வேறு. பாதத்தை அச்செடுத்துச் செய்வதற்குப் பணம் அதிகம். இந்த வலிக்கு ரெடிமேடும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் முதலில் ரெடிமேட் என்பதே என் கட்சி.

படி 3: வெட்டிப் பொருத்துவது

நான் சறுக்கிய இடம் இதுதான். ஷூவில் ஏற்கெனவே இருந்த இன்சோலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்தேன். குதிகால் உயர்ந்து ஷூவை விட்டு வெளியே வழுக்கியது, விரல்கள் ஷூவின் மேல்பக்கத்தில் இடித்தன. அளவு பெரிது போலிருக்கிறது என்று நினைத்துக் குதிகால் பக்கத்தை வெட்டினேன், அந்த ஜோடி அத்தோடு வீண்.

சரியான முறை இது. பழைய இன்சோலை உருவுங்கள் (ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரில் சூடு காட்டி மெதுவாக இழுங்கள்). புதியதைக் கவிழ்த்துப் போட்டு, பழையதையும் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள், இரண்டும் ஒரே காலுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குதிகால் விளிம்பு இரண்டும் இம்மி பிசகாமல் சேர வேண்டும். பேனாவால் விரல் பக்கம் மட்டும் கோடு போட்டு, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டுங்கள். போட்டுப் பார்த்து மடங்கினால் இன்னும் கொஞ்சம் சீவலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. தையற்கடைப் பெரிய கத்தரிதான் இதற்கு நல்லது, பிளேடு வேண்டாம். வலி ஒரு காலில் என்றாலும் இரண்டு ஷூவிலும் போடுங்கள்.

படி 4: பழகுவது

முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். வளைவில் இலேசாக ஏதோ முட்டுவது போலிருக்கும், ஓரிரு வாரத்தில் பழகிவிடும். தோல் சிவந்து கொப்புளம் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

பிறகு சேர்த்தது:

“ஆபீஸில் வலி இல்லை, வீட்டுக்கு வந்தால் வருகிறது” என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடந்தால் ஷூவுக்குள் இருக்கும் இன்சோல் என்ன செய்யும்? வளைவு தாங்கும் செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்குள் போடுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்கும்போதும் அதைக் கழற்றாதீர்கள், எங்கள் அம்மாவிடம் இதற்குச் சம்மதம் வாங்கத்தான் ஒரு மாதம் ஆனது.

நான்கு வயதுக் குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று ஒரு அக்கா கவலையோடு கேட்டிருந்தார். அக்கா, அந்த வயதில் நிறைய குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் இருக்கும், வளைவு பிறகு மெல்ல வரும். வலி இல்லாமல் ஓடி விளையாடுகிறது என்றால் இன்சோலுக்குச் செலவு செய்யாதீர்கள்.