சத்தத்தை அடக்கப் போய் ஜெனரேட்டரை அடக்கம் செய்யாதீர்கள்

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். புளியரை, செங்கோட்டைப் பக்கம் எங்காவது ஒரு மரம் மின்கம்பியில் சாயும். இரண்டு நாள் கழித்து என் பட்டறை வாசலில் ஜெனரேட்டர்கள் வந்து இறங்கும். ஆயில் பார்க்காமல் ஓட்டியது, பழைய பெட்ரோலை ஊற்றியது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று தொடங்கி இயந்திரத்தையே கெடுத்துக்கொள்வதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு காலத்தில் இதில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

பெட்டிக்குள் அடைப்பது

சென்ற சாரலில் ஆரியங்காவிலிருந்து ஒருவர் ஜீப்பில் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, ராத்திரி நல்லபடியாகத்தான் ஓடியது. சத்தமே இல்லை" என்றார். சத்தமே இல்லை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"பெட்டி செய்தீர்களா?"

"ப்ளைவுட்தான். உள்ளே தெர்மாகோல் ஒட்டினேன்."

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம், 2011 ஆடியில் அச்சு அசலாக அதே பெட்டியைச் செய்தவன் நான். அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கவில்லை என்று ஒரே மாலையில் அடித்து முடித்தேன். நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு வார்னிஷ் கருகிய நாற்றம் வந்தது, விளக்குகள் மங்கின, இயந்திரம் நின்றது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் நகத்தால் பிராண்டியது போல நெடுக்கக் கோடுகள். மின்சாரம் தரும் கம்பிச்சுருளான வைண்டிங்கும் போயிருந்தது.

வீட்டு ஜெனரேட்டருக்கு ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் இருக்கும் விசிறி வெளிக்காற்றை இழுத்துச் சிலிண்டர் மீது வீசுவதுதான் அதன் குளிர்ச்சி. 2 கிலோவாட் மின்சாரம் கொடுக்கும்போது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேலான வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. பெட்டிக்குள் விசிறி இழுப்பது, தான் சற்று முன் தள்ளிய சூட்டையேதான். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க்.

சரி, தெர்மாகோலாவது சத்தத்தைத் தடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சத்தத்தை நிறுத்துவது கனம். தெர்மாகோலுக்கும் முட்டை அட்டைக்கும் கனமே கிடையாது. சைலன்சர் சூட்டில் தெர்மாகோல் உருகி வழிவதுதான் மிச்சம்.

மறைப்பு வேண்டுமென்றால் மூன்று பக்கம் செங்கல் சுவர் வையுங்கள். இயந்திரத்துக்கும் சுவருக்கும் இரண்டரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். நான்காவது பக்கம், ஆள் இல்லாத திசையைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். மழைக்குக் கூரை போட்டால் சுவரில் உட்காரவைக்காமல் இடைவெளி விட்டு உயரத்தில் போடுங்கள்.

ஆரியங்காவுக்காரரின் பெட்டியில் இப்போது கோழி அடைகிறது.

திருகாணியைத் திருகி வேகத்தைக் குறைப்பது

சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் நம் வீட்டுச் சாதனங்களுக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) மின்சாரம் கிடைக்கும். வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும். வோல்டேஜும் சேர்ந்து குறையும். முதலில் போவது ஃபிரிட்ஜ். சுமைக்கு ஏற்றபடி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் மட்டும்தான். விலை கூடுதல், ஆனால் அமைதி வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டியது அதைத்தான்.

பைக் சைலன்சர்

ஜெனரேட்டரில் பைக் சைலன்சரை மாட்ட வேண்டாம். அதன் கனத்தில், சைலன்சரைப் பிடித்திருக்கும் ஸ்டட் (மரையுள்ள கம்பி) முறியும்.

தள்ளி வைத்துவிட்டு ஒல்லி ஒயர் இழுப்பது

தள்ளி வைப்பது நல்ல யோசனை. செலவும் குறைவு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். ஆனால் 30 மீட்டருக்கு 1 சதுர மி.மீ. ஒயரை இழுத்து 9 ஆம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் கிளம்பும் நொடியில் இழப்பு இன்னும் பல மடங்கு. 2.5 சதுர மி.மீ. போட்டால் 4 வோல்ட்தான் போகும். ஒயரில் மிச்சம் பிடிப்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

காற்றைப் பார்க்காமல் வைப்பது

நம் பக்கம் சாரலில் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். வீட்டுக்கு மேற்கே வைத்தால் சத்தத்தையும் புகையையும் நேராகப் படுக்கையறைக்குள் அனுப்பி வைக்கும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். மழை என்று திண்ணையில் ஏற்றுவதும் கூடாது.

வெறும் சிமென்ட் தரை

அதிர்வு தரை வழியாகச் சுவருக்கு ஏறும். புனலூர்ப் பக்கம் மாட்டுத் தொழுவத்துக்கு விரிக்கிறார்களே, அந்தத் தடித்த ரப்பர் பாய் போதும். மெத்தென்ற நுரையைப் போட்டால் இயந்திரம் நடந்து போய்விடும்.

தகரக் கூரைக்கு அடியில் வைப்பது

தகரமும் சேர்ந்து பாடும்.

ராத்திரி முழுக்க ஓட்டுவது

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எந்தச் சுவர் கட்டினாலும் சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர் பக்கத்து வீட்டு ஜன்னலில் அந்த அளவுக்கு அடங்குவது கடினம். பத்து மணிக்குள் தண்ணீரை ஏற்றி, பேட்டரியை நிரப்பிவிட்டு அணைத்துவிடுங்கள். விடியும்வரை ஒரு விசிறிக்கும் ஒரு விளக்குக்கும் அந்த பேட்டரி போதும்.