டபுள்ஸில் டிராகோனைட்: மல்டிஸ்கேலை வீணடிக்கும் தவறுகள்

இரண்டுக்கு இரண்டாக மோதும் டபுள்ஸ் ஆடக் கற்றுக்கொண்டிருக்கும் சிலரின் போக்கிமான் ஆட்டங்களை அண்மைக் காலமாக அருகில் இருந்து பார்த்து வருகிறேன். ஏறத்தாழ எல்லோருடைய அணியிலும் டிராகோனைட் இருக்கிறது. அதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1996-இல் வந்த முதல் ஆட்டங்களிலிருந்தே நம்மோடு இருக்கும் இந்த டிராகனுக்கு அடிப்படை உயிர்ப்புள்ளி 91, தாக்குதல் 134, தற்காப்பு 95, சிறப்புத் தற்காப்பு 100 என்று எந்தப் பக்கமும் பெரிய ஓட்டை கிடையாது. போதாததற்கு, உயிர்ப்புள்ளி முழுமையாக இருக்கும்வரை வாங்கும் அடியைப் பாதியாகக் குறைக்கும் மல்டிஸ்கேல் என்ற திறனும் இருக்கிறது. அடிக்கவும் செய்யும், தாங்கவும் செய்யும் என்ற இந்த இரட்டை நம்பிக்கையில்தான் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். அதே நம்பிக்கையில்தான் நானும் எடுத்தேன், வரிசையாகத் தோற்றேன். அவர்கள் என் பழைய தவறுகளை ஒன்றுவிடாமல் திரும்பச் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐஸ் தாக்குதல் அதற்கு நான்கு மடங்கு விழும் என்பது போன்ற பாலபாடங்களை இங்கே சொல்லப்போவதில்லை. கீழே வரும் எண்கள் எல்லாம் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில், ஆறில் நான்கைத் தேர்ந்து 50-ஆம் நிலையில் ஆடும் டபுள்ஸ் முறைக்கானவை.

முதல் டர்னிலேயே மல்டிஸ்கேலைப் பறிகொடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். டிராகோனைட்டை லீடாக, அதாவது தொடக்கத்திலேயே, இறக்குகிறார்கள். எதிரே இன்சினரோர் நிற்கிறது. அது முதல் டர்னில் ஃபேக் அவுட் (முந்தி விழுந்து, அடிபட்டவரை அந்த டர்ன் முழுக்கத் திகைத்து நிற்கவைக்கும் மூவ்) அடிக்கும் என்பது இந்த ஆட்டத்தை ஒரு வாரம் ஆடியவருக்கும் தெரியும். தெரிந்தும், அதற்குப் பின்னால்தான் விழும் முன்னுரிமைத் தாக்குதலான எக்ஸ்ட்ரீம் ஸ்பீடை அழுத்துகிறார்கள். காரணம் கேட்டால், "ஃபேக் அவுட்டில் என்ன பெரிய அடி விழுந்துவிடப் போகிறது?" என்கிறார்கள்.

என்ன விழும் என்பதை நான் ஓர் இணையப் போட்டியில் கற்றுக்கொண்டேன். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டிய சுற்று அது. என் பக்கம் டிராகோனைட்டும் சியென்-பாவும்; எதிர்ப்பக்கம் இன்சினரோரும் ஃப்ளட்டர் மேனும். என் டிராகோனைட்டிடம் சாய்ஸ் பேண்ட் (தாக்குதலைக் கூட்டி, ஒரே மூவில் பூட்டிவிடும் பொருள்) இருந்தது. ஈவி எனப்படும் பயிற்சிப் புள்ளிகளைத் தாக்குதலிலும் ஸ்பீடிலும் முழுதாகக் கொட்டியிருந்ததால் உயிர்ப்புள்ளி வெறும் 167. சியென்-பாவ் மெலிந்த உடம்புக்காரன், ஃபேக் அவுட் அதன் மேல்தான் வரும் என்று நானே முடிவு செய்துகொண்டு அதற்கு அந்த டர்னின் அடிகளைத் தடுக்கும் ப்ரொடெக்ட் கொடுத்தேன்; டிராகோனைட்டுக்கு எக்ஸ்ட்ரீம் ஸ்பீட். ஆட்டத்துக்கு ஒரு முறை போக்கிமானின் வகையை மாற்றும் டெராவை அடுத்த டர்னுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சிக்கன எண்ணம் வேறு.

ஃபேக் அவுட் டிராகோனைட்டின் மேல் விழுந்தது. தாக்குதலில் ஈவி போடாத இன்சினரோர் அந்த நிலையில் கொடுக்கும் சேதம் 12 முதல் 14 புள்ளிதான். உயிர்ப்பட்டை அசைந்ததே கண்ணில் சரியாகப் படவில்லை. டிராகோனைட் திகைத்து நின்றதால் என் அடி போகவில்லை, போனால் போகட்டும் என்று நினைத்தேன். அடுத்த நொடி ஃப்ளட்டர் மேனின் மூன்பிளாஸ்ட் வந்தது, டிராகோனைட் சுருண்டு விழுந்தது.

சிறப்புத் தாக்குதலில் முழு ஈவி போட்ட ஃப்ளட்டர் மேனின் மூன்பிளாஸ்ட், சிறப்புத் தற்காப்பில் ஒன்றும் போடாத டிராகோனைட்டுக்குக் கொடுப்பது 168 முதல் 200 புள்ளி வரை. மல்டிஸ்கேல் இருந்தால் அதுவே 84 முதல் 100. அதாவது, அன்று அந்த ஃபேக் அவுட் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது 14 புள்ளியை அல்ல; அந்த 14-ஐ எடுத்ததன் வழியாக அடுத்த அடியில் எனக்குக் கிடைக்க வேண்டிய 84 முதல் 100 புள்ளி வரையிலான தள்ளுபடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மல்டிஸ்கேல் வேலை செய்தாலும் சரி, இல்லாமல் போனாலும் சரி, திரையில் எந்த அறிவிப்பும் வராது. அதனால்தான் புதியவர்கள் "எப்படி ஒரே அடியில் செத்தது?" என்று மூன்பிளாஸ்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இன்சினரோரை அல்ல.

இதற்கு மாற்றாகப் புதியவர்கள் பிடித்துக்கொள்ளும் வழிகளில் பாதி உதவாதவை. அமூங்கஸைப் பக்கத்தில் நிறுத்தி ரேஜ் பவுடர் போட்டால் ஃபேக் அவுட் அதன் பக்கம் திரும்பிவிடும் என்று எண்ணுகிறார்கள். ரேஜ் பவுடரின் முன்னுரிமை 2, ஃபேக் அவுட்டின் முன்னுரிமை 3; பெரிய எண்தான் முதலில் நடக்கும், எனவே அடி விழுந்து முடிந்த பிறகுதான் பவுடர் பறக்கும். இண்டீடீயைக் கொண்டுவந்து சைக்கிக் டெரெய்ன் விரித்தாலும் பயனில்லை. அது தரையில் நிற்பவரை மட்டுமே முன்னுரிமைத் தாக்குதலிலிருந்து காக்கும், டிராகோனைட் பறக்கும் வகை. கோவர்ட் க்ளோக் என்ற பொருளைக் கொடுத்தால் திகைப்பு வராது, ஆனால் அந்த 14 புள்ளி போகும். அது போனால் மல்டிஸ்கேலும் போகும். இன்னர் ஃபோகஸ் திறனை எடுத்தால் திகைப்பும் இல்லை, எதிரியின் தாக்குதலைக் குறைக்கும் இன்டிமிடேட் திறனும் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் அந்த டிராகோனைட்டுக்கு மல்டிஸ்கேலே கிடையாது என்பதால் இந்தப் பேச்சே எழாது.

உதவுபவை மூன்று. ஃபேரிகிராஃபின் ஆர்மர் டெயில் திறன் தன்னையும் தன் கூட்டாளியையும் எதிரியின் எல்லா முன்னுரிமைத் தாக்குதல்களிலிருந்தும் காக்கிறது. பறப்பவரா நடப்பவரா என்று பார்ப்பதில்லை, நம் பக்கத்து எக்ஸ்ட்ரீம் ஸ்பீடையும் தடுப்பதில்லை. இரண்டாவது, ப்ரொடெக்ட், ஆனால் சாய்ஸ் பேண்டோ அசால்ட் வெஸ்ட்டோ (சிறப்புத் தற்காப்பைக் கூட்டும், ஆனால் தாக்கும் மூவ்களை மட்டுமே அனுமதிக்கும் பொருள்) கொடுத்துவிட்டு ப்ரொடெக்டை நினைத்துப் பெருமூச்சு விட முடியாது. மூன்றாவது, நான் பெரும்பாலும் செய்வது: டிராகோனைட்டைப் பின்வரிசையில் வைத்திருந்து, முன்னால் நின்ற ஒன்று விழுந்த பிறகு அந்தக் காலி இடத்தில் இறக்குவது. அப்போது வரும்போதே அடி வாங்க வேண்டியதில்லை. ஓர் அடியின் நடுவே ஸ்விட்ச் செய்து கொண்டுவந்தால் அந்த அடிக்கே மல்டிஸ்கேல் செலவாகிவிடும். பெரிய அடிக்குச் செலவாவது நியாயம்; ஓர் ஐசி விண்டுக்குச் செலவழித்துவிட்டு அடுத்த டர்னில் அழுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் நான் ஃபேரிகிராஃபோடு டிராகோனைட்டை இறக்கினேன். அணிப் பட்டியல் இருவருக்கும் தெரிந்திருந்த போட்டி அது, எனவே எதிராளி ஃபேக் அவுட்டைத் தொடவே இல்லை. வென்றேன். மூன்றாம் ஆட்டத்தில் வேறொரு மடத்தனத்தால் தோற்றேன், அது கீழே சியென்-பாவ் பற்றிய பகுதியில் வருகிறது.

நம் கையாலேயே உடைப்பது

எதிரி உடைப்பது ஒருபுறம் இருக்க, அடியின் வலுவைக் கூட்டும் லைஃப் ஆர்ப் கொடுத்துவிட்டு மல்டிஸ்கேலை எதிர்பார்ப்பவர்களை என்ன சொல்வது? முதல் அடி அடித்தவுடனே உயிர்ப்புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். டைரனிடாரைக் கூட்டாளியாக நிறுத்துவதும் அப்படித்தான். அதன் மணல்புயல் டர்னின் முடிவில் பதினாறில் ஒரு பங்கை எடுக்கும், டிராகோனைட்டுக்கு அதிலிருந்து விலக்கு கிடையாது. இப்போதைய தலைமுறையில் ஆலங்கட்டி மழைக்குப் பதிலாக வந்திருக்கும் பனி யாரையும் கடிப்பதில்லை என்பதால் பலர் மணலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் உடலைத் தொட்டு அடிக்கும் மூவ் என்பதையும் மறக்கக் கூடாது. ராக்கி ஹெல்மெட் அணிந்த ஒன்றை அடித்தால் ஆறில் ஒரு பங்கு நமக்கே திரும்பி வரும்.

பல அடிகளாக விழும் மூவ்களில் முதல் அடி மட்டுமே பாதியாகும் என்பதும் இதோடு சேர்ந்தது. முழு உயிரோடு நிற்கிறோம் என்ற தைரியத்தில் ஐசிகிள் ஸ்பியருக்கு எதிரே நிற்பவர்கள், இரண்டாவது ஈட்டியிலிருந்து முழுச் சேதத்தையும் வாங்குகிறார்கள்.

சியென்-பாவின் வாள் யாரையும் விடாது

சியென்-பாவும் டிராகோனைட்டும் சேர்ந்த இணை புகழ்பெற்றது. சியென்-பாவின் திறன் களத்தில் உள்ளவர்களின் தற்காப்பை நான்கில் ஒரு பங்கு குறைப்பதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் கத்திபோல் இறங்கும். ஆனால் "களத்தில் உள்ளவர்கள்" என்றால் எதிரிகள் மட்டும் என்று படித்துக்கொள்வது புதியவர்களின் வழக்கம். அந்தத் திறனிலிருந்து தப்புவது சியென்-பாவ் மட்டுமே. பக்கத்தில் நிற்கும் நம் டிராகோனைட்டின் தற்காப்பும் 115-லிருந்து 86-க்கு இறங்கும். மேலே சொன்ன ஃபேக் அவுட்டை இன்னொரு முறை பாருங்கள். சியென்-பாவ் பக்கத்தில் இல்லாதிருந்தால் அது 9 முதல் 11 புள்ளிதான் எடுத்திருக்கும்.

அந்த மூன்றாம் ஆட்டத்தில் இதைத்தான் மறந்தேன். எதிராளியின் ராக் ஸ்லைடை டிராகோனைட் தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டபோது 115-ஐ வைத்துப் போட்டேன். தாங்கவில்லை.

டெரா நார்மல் எடுத்தால் கால் தரையில் படும்

எக்ஸ்ட்ரீம் ஸ்பீடுக்கு ஒன்றரை மடங்கு வலு கிடைக்கிறது, ஐஸ், ராக், டிராகன், ஃபேரி என்ற நான்கு பலவீனங்களும் ஒரே வீச்சில் போகின்றன, மிஞ்சுவது ஃபைட்டிங் மட்டும். இந்தக் கணக்கெல்லாம் சரிதான். முதல் ஆட்டத்தில் அந்த டர்னிலேயே நான் டெரா எடுத்திருந்தால் மூன்பிளாஸ்ட் இரு மடங்காகாமல் நின்றிருக்கும், டிராகோனைட்டும் நின்றிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெரா எடுத்த நொடியிலிருந்து அது பறக்கும் வகை அல்ல. அடுத்த டர்னில் பழைய பழக்கத்தில் பக்கத்து லேண்டோரஸுக்கு எர்த்க்வேக் அழுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதிரிகள் இருவரோடு சேர்ந்து நம் டிராகோனைட்டும் அதை வாங்கும். எந்த அணியில் எர்த்க்வேக் இருக்கிறதோ அந்த அணியின் டிராகோனைட்டுக்கு நான் இப்போது டெரா நார்மல் வைப்பதே இல்லை.

எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் எல்லாக் கதவையும் திறக்காது

பேய் வகைக்கு அது விழவே விழாது. எதிரியிடம் ஃபேரிகிராஃப் இருந்தால் விழாது. சைக்கிக் டெரெய்ன் விரிந்திருந்தால் தரையில் நிற்பவர் யாருக்கும் விழாது, அந்த டெரெய்னை விரித்தது நம் சொந்த இண்டீடீயே ஆனாலும். கடைசியில் சொன்னதை நம்ப மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அணியில் டிராகோனைட்டையும் இண்டீடீயையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் அடி தடுக்கப்படுவதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே இரண்டோடு வருகிறார்கள். சாய்ஸ் பேண்டும் கையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் ஒரு முறை அழுத்திய மூவிலேயே மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவுட்ரேஜ்

டபுள்ஸில் யாரை அடிக்கும் என்று நாம் சொல்ல முடியாத மூவ். வேண்டாம்.

டிராகன் டான்ஸ்

தாக்குதலையும் ஸ்பீடையும் உயர்த்திக்கொள்ளும் மூவ். ஆடி முடிப்பதற்குள் இருவர் சேர்ந்து அடித்துவிடுவார்கள்.

எல்லா ஈவியையும் தாக்குதலிலும் ஸ்பீடிலும் கொட்டுவது

எக்ஸ்ட்ரீம் ஸ்பீடை நம்பி ஆடும் டிராகோனைட்டுக்கு ஸ்பீட் எதற்கு என்று ஒரு முறையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். எதிரேயும் ஒரு டிராகோனைட் நின்று, இருவரும் ஒரே முன்னுரிமையில் ஒரே மூவை அழுத்தும் நேரத்தில் ஸ்பீட் முடிவு செய்யும். தன் பக்கத்தின் ஸ்பீடைக் கூட்டும் டெயில்விண்ட் வீசும் அணியிலும் ஓரளவு பயன் உண்டு. மற்றபடி அந்த 252 புள்ளிகள் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. நான் இப்போது தாக்குதலைக் கூட்டும் அடமன்ட் இயல்பில் உயிர்ப்புள்ளிக்கு 252, தாக்குதலுக்கு 252, சிறப்புத் தற்காப்புக்கு 4 என்று வைத்து, அசால்ட் வெஸ்ட் கொடுக்கிறேன். உயிர்ப்புள்ளி 198 ஆகிறது, ஸ்பீட் 100-இல் நின்றுவிடுகிறது. சாய்ஸ் பேண்டின் வலு இல்லாததால் ஒரே அடியில் விழ வேண்டிய சில போக்கிமான்கள் இரண்டாவது அடிக்காகக் காத்திருக்கின்றன. எதிரியின் டிராகோனைட் வேகமானதாக இருந்தால் நான்தான் முதலில் வாங்குவேன்.

ஆனால் பழைய கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் சியென்-பாவ் நிற்க, ஃபேக் அவுட் 14 புள்ளியை எடுத்து மல்டிஸ்கேலை உடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அசால்ட் வெஸ்ட்டின் மேல் விழும் அதே மூன்பிளாஸ்ட் மிஞ்சிப்போனால் 134. டெரா எடுக்காமலே டிராகோனைட் 50 புள்ளியோடு நிற்கிறது, அடுத்த டர்ன் அதற்கு இருக்கிறது.