பச்சை மரமும் பரண் இடிக்கும் அலமாரியும்: வீட்டுத் தச்சு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. விறகாகப் போக வேண்டியதை பெஞ்சாக்கிவிடலாம் என்று எனக்கு ஆசை. சா மில்லில் அறுத்துக் கொடுத்த பெரியவர் பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பச்சையா இருக்கு தம்பி, ரெண்டு வருசமாவது போட்டு வை" என்றார். பொங்கலுக்குள் பெஞ்சு வேண்டும் என்ற அவசரத்தில் அது என் காதில் ஏறவில்லை. பொங்கலன்று வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துப் பாராட்டினார்கள். கத்திரி வெயில் முடிவதற்குள் உட்காரும் பலகையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நாலு காலில் ஒன்று தரையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகும் நிறையச் செய்தேன், நிறையக் கெடுத்தேன். கணக்குப் பார்த்தால், உளி பிடிக்கத் தெரியாததால் வந்த சேதம் குறைவு. மரத்தையும் இந்த ஊர்க் காற்றையும் வீட்டின் அளவையும் விசாரிக்காமல் வேலையில் இறங்கியதால் வந்ததுதான் அதிகம். கை நாளாக நாளாகத் தானே பழகிவிடும்.

மரம் காயட்டும், காய்ந்த பிறகும் நம்பாதீர்கள்

அப்போதுதான் வெட்டிய மரத்துக்குள் ஏராளமான ஈரம் இருக்கும். அது வெளியேறும்போது பலகையின் நீளம் அநேகமாக மாறாது; அகலம்தான் சுருங்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்கினால் பலகை வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது. காற்றில் உலர்த்த ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பலகைகளை அடுக்கும்போது நடுநடுவே ஒரே தடிமனுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து, காற்றோட்டமான நிழலில் போட வேண்டும். இரண்டு முனைகளிலும் மிச்சமிருக்கும் பெயின்ட்டைப் பூசிவிடுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கிருந்துதான் கிளம்பும்.

காய்ந்த மரமும் சும்மா இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். ஏசி ஓடும் அறையில் சுருங்கும். மே மாதத்தில் இம்மியும் இடைவெளி இல்லாமல் பொருத்திய மேசை இழுப்பறை, நவம்பரில் இழுத்தால் வராது. வீட்டில் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இழுக்க வேண்டியிருக்கும். கோடையில் செய்தால் பக்கத்துக்கு ஒரு நூல் இடைவெளி விடுங்கள். (நூல் என்பது தச்சர் கணக்கு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) பலகைகளை ஒட்டிச் செய்த மேசை மேற்பரப்பைச் சட்டத்தோடு நாலாபுறமும் இறுக்கித் திருகவும் கூடாது. அசைய வழியில்லாத மரம் வெடித்துத்தான் வழி தேடும். சட்டத்தில் ஸ்க்ரூ போகும் ஓட்டையைச் சற்று நீளவாக்கில் அகட்டிவிட்டால் போதும்.

தேக்கு இந்த விஷயத்தில் சாது, அதனால்தான் அந்த விலை. ஆனால் தேக்கு என்ற பெயருக்காகவே வாங்காதீர்கள். வைரம் பாய்ந்த நடுமரத்தைத்தான் கரையான் லேசில் தொடாது. ஓரத்து வெளிர் மரம் தேக்கிலும் பலவீனமானதுதான். பலகையின் ஒரு ஓரம் வெளுத்து இருந்தால் அந்தப் பக்கத்தைக் கழித்துத்தான் அளவு போட வேண்டும்.

இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரங்கள் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடலாம். பல வருடம் காய்ந்து அடங்கிய மரம் என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. இரண்டு எச்சரிக்கைகள். உள்ளே முறிந்த ஆணி ஒளிந்திருக்கும், ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் ரம்பத்தை வைக்காதீர்கள். அடுத்தது, பழைய பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளுக்கு அது பெரிய கேடு. அப்படிப்பட்ட மரத்தைக் குழந்தை சம்பந்தப்பட்ட எதற்கும் எடுக்காதீர்கள்.

துறைமுகம் உள்ள ஊர் என்பதால் பேக்கிங் பைன் மரமும் மலிவாகக் கிடைக்கிறது. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு) கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்டி' (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது. 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது; அதை விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லையா, வேறு பலகை பாருங்கள்.

பிளைவுட் கடையில்

சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "303-ஆ, 710-ஆ?" என்றுதான். இவை ஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய எண்கள். 303 பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கு, 710 மரைன் பிளைவுட்டுக்கு. எம்.ஆர். என்று விற்பது ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. 'வாட்டர் ப்ரூஃப்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி அதைச் சிங்க்குக்கு அடியிலோ மொட்டைமாடியிலோ போட்டால் இரண்டு மழையில் ஏடு ஏடாகப் பிரியும். 710 தரத்துக்கான சோதனையில் துண்டுகளை 72 மணி நேரம் கொதிநீரில் போடுகிறார்கள். ஹால் புத்தக அலமாரிக்கு அவ்வளவு தேவையில்லை, பணம் வீண். எது வாங்கினாலும் பலகையின் மேல் அச்சிட்ட ஐஎஸ்ஐ முத்திரையையும் எண்ணையும் நீங்களே படியுங்கள்.

முக்கால் அங்குலம் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் 18 மில்லிமீட்டர்தான் இருக்கும். முழு முக்கால் என்றால் 19. பலகை செருகும் பள்ளமான காடியை 19-க்கு எடுத்துவிட்டு 18-ஐச் செருகினால் ஆடும். பலகை கையில் வந்த பிறகு, அதையே வைத்துக் காடியை அளந்து எடுங்கள்.

அளவில் சறுக்குவது

மில்லிமீட்டரையும் நூலையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். நான் படத்தை மில்லிமீட்டரில் போட்டு, வெட்டுகிறவரிடம் அங்குலத்தில் சொல்லி, ஒரு முழு ஷீட்டைப் பாழாக்கியிருக்கிறேன். ரம்பம் தின்னும் அளவையும் மறக்கக் கூடாது. எட்டடி பலகையை நாலு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் இரண்டடி வராது. மூன்று வெட்டு, வெட்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர், மொத்தம் 9 மில்லிமீட்டர் மரத்தூளாகப் போய்விடும்.

எல்லோரும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளும் தவறு இது: செய்த பொருள் அறைக்குள் போகாது. லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசல் இவற்றை அளப்பவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நம் படுக்கையறைகளில் ஏழடி உயரத்தில் பரண் வந்துவிடும். அதற்குக் கீழே நிற்க ஏழடிக்கு ஒரு அங்குலம் குறைவாக, இரண்டடி ஆழத்தில் ஓர் அலமாரி செய்கிறீர்கள். நின்றால் சரியாக இருக்கும். ஆனால் அதைப் படுக்கவைத்துத்தான் உள்ளே கொண்டுவர முடியும். நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை குறுக்களவு ஏழடி இரண்டரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும். பரண் இடிக்கும். பரணுக்கு வெளியே நிமிர்த்தித் தள்ள இடம் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இரண்டு பெட்டிகளாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்.

தொங்கும் தட்டு, துருப்பிடிக்கும் ஸ்க்ரூ

புத்தகத் தட்டு நடுவில் தொங்குவதற்கு மரத்தைத் திட்டுகிறார்கள். குற்றம் நீளத்தில் இருக்கிறது. தட்டு முழுக்கப் புத்தகம் அடுக்கினால், இரண்டடி நீளத்தில் வரும் தொய்வைவிட மூன்றடி நீளத்தில் வரும் தொய்வு ஐந்து மடங்கு. 18 மில்லிமீட்டருக்குப் பதில் 12 மில்லிமீட்டர் போட்டால் மூன்று மடங்குக்கு மேல். இரண்டரை அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள், அல்லது முன் விளிம்பில் ஒன்றரை அங்குலச் சட்டம் ஒட்டுங்கள். இடுப்புக்கு மேல் உயரமான எதையும் சுவரோடு பிணைக்க வேண்டும். குழந்தைகளுக்கு இழுப்பறை என்றால் ஏணி. சுவரில் போடும் ஸ்க்ரூ பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். வெறும் பூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் முதல் இழுப்பிலேயே வந்துவிடும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் வீடு என்றால் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை வெளி வேலைக்கு எடுக்காதீர்கள். உப்புக் காற்றில் துரு ஏறி, மரத்திலும் கறை இறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 தரம் கேட்டு வாங்குங்கள். எங்கே வீடு இருந்தாலும் முதலில் சிறிய ஓட்டை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ. பிளைவுட்டின் விளிம்பில் நேராக முறுக்கினால் ஏடுகள் பிளக்கும். பசையைப் பொறுத்தவரை, ஒட்டி கிளாம்ப் போட்டுவிட்டு மறுநாள் வரை கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

குழந்தைகளின் விளையாட்டு வீடு

இதில் தவறினால் மரம் மட்டும் வீணாவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு ஷீட் எட்டுக்கு நாலு. பாதியாக வெட்டினால் நாலுக்கு நாலில் இரண்டு சுவர். மூன்று ஷீட்டில் நாலு சுவரும் தரையும் கூரையும் முடிந்துவிடும். ஆசை மேலும் வளர்ந்து மாடி, சறுக்கு மரம் என்று போகாமல் இருப்பது உத்தமம்.

மொட்டைமாடியில் வைப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, நிழலுக்காகக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைப்பது. விளையாட்டு வீட்டின் ஜன்னல் ஒரு படி, கூரை அடுத்த படி. அப்புறம் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மாடிப்படி அறையின் சுவரோரம், அதன் நிழல் விழும் பக்கம் வையுங்கள். பெரியவர் யாரும் இல்லாதபோது மாடிக் கதவு பூட்டியே இருக்கட்டும்.

காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தரையில் போல்ட் அடிப்பது அடுத்த தவறு. மாடித் தரையில் பதித்த தட்டோட்டை ஒரு முறை துளைத்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும், சங்கக் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும். அடிச்சட்டத்தில் மணல் மூட்டைகளையோ சிமென்ட் பிளாக்குகளையோ ஏற்றி எடை கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சுவர்களைக் கழற்றிப் படுக்கவைக்க முடிகிற மாதிரி நட்டு போல்ட்டில் பொருத்துங்கள். வர்தா அன்று மாடியில் இருந்த தகரக் கூரைகள் எங்கெங்கே போய் விழுந்தன என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் செங்கல் கொடுத்து இரண்டு அங்குலம் தூக்கிவிடுங்கள், மழைநீர் குழாய்வாயை மறைக்காதீர்கள். கூரைக்கும் கொஞ்சம் சரிவு வேண்டும். தட்டையாக இருந்தால் தண்ணீர் தேங்கி, குழந்தைகளை விடக் கொசுதான் முதலில் குடியேறும்.

தகரக் கூரை போட்டால் சித்திரையில் அது அடுப்பு. தென்னங்கீற்று குளுமைதான், ஆனால் தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். பிளைவுட் கூரை, எதிரெதிர் சுவரில் பெரிய ஜன்னல், இது போதும். ஜன்னல் கம்பிகளுக்கும் ஏணிப் படிகளுக்கும் நடுவில் மூன்றரை அங்குலம் முதல் ஒன்பது அங்குலம் வரையிலான இடைவெளி வரக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அதுதான். ஒன்று அதைவிடக் குறுகலாக, இல்லையென்றால் அதைவிட அகலமாக. கதவு வைத்தால் கீல் பக்கம் விரல் நசுங்கும், தாழ்ப்பாள் வைத்தால் உள்ளே பூட்டிக்கொள்வார்கள். பாட்டியின் பழைய புடவையில் ஒரு திரை தைத்துப் போடுங்கள். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. எல்லாம் முடிந்ததும் மண்டியிட்டு உள்ளே போய், குழந்தையின் உயரத்தில் ஒவ்வொரு பரப்பையும் கையால் தடவிப் பாருங்கள். வெளியே நீட்டிய ஸ்க்ரூ முனை அப்போதுதான் அகப்படும்.

பூச்சு

மழைக்காலத்தில் லாக்கரோ பிரெஞ்சு பாலிஷோ அடித்தால் ஈரக் காற்று பட்டு மேலே வெள்ளை பூக்கும். மழை ஓயும்வரை பொறுங்கள். உப்புத்தாளை மரத்தின் ரேகையோடு ஓட்டுங்கள், குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் ஏறிய பிறகுதான் பல்லிளிக்கும். பலகையின் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் பூச்சு கொடுத்து அடிப்பக்கத்தை விட்டுவிட்டால், அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். பிளைவுட் விளிம்புகளுக்கு மூன்று கோட்டாவது வேண்டும்.

அப்புறம் அந்த வேப்பமர பெஞ்சு. மே மாதம் வெடிப்பில் மக்கு வைத்து அடைத்து, மேலே வார்னிஷும் அடித்தேன். அக்டோபர் மழையில் பலகை மறுபடி உப்பி, மக்கை ஒரு பற்பசை மாதிரி மேலே பிதுக்கிவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெடிப்பை அப்படியே விட்டிருக்கிறேன்.